சயன்டிஸ்ட் வீட்டு முக்கு

மார்த்தாண்டத்திலிருந்து அருமனைக்கு வருகிற பஸ், ரப்பர் தோட்டம் முடிந்து ரோடு வளைகிற இடத்தை நெருங்கும்போது கண்டக்டர் குரல் கொடுப்பார்: "சயன்டிஸ்ட் வீட்டு முக்கு ஆளு உண்டா? முன்னால வாங்க!" அரசாங்கக் கணக்கில் அந்த நிறுத்தத்துக்கு வேறொரு பெயர் இருக்கிறது. அதை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்டோக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், கல்யாணக் கார்டு கொடுக்க வருகிறவர் எல்லோருக்கும் அது சயன்டிஸ்ட் வீட்டு முக்குதான். அந்த சயன்டிஸ்ட் ராஜபாய் அக்கா, என் வீட்டுக்காரர் சுதனின் கூடப்பிறந்தவள். ஒரே காம்பவுண்டுக்குள் அவளுக்கு ஒரு வீடு, எங்களுக்கு ஒரு வீடு.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆஸ்பத்திரியில் கட்டு கட்டிவிடுகிறவரையும் டாக்டர் என்பார்கள். கோர்ட்டு வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் வக்கீல். காலையில் குழித்துறையில் ரயிலேறி, திருவனந்தபுரத்துக்கு அப்பால் கடலோரத்து ராக்கெட் நிலையத்துக்கு வேலைக்குப் போய்வந்தால் அவர் சயன்டிஸ்ட். உள்ளே போய் அவர் என்ன செய்கிறார் என்று யார் பார்த்தது? கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் போதும்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தரகர் அதை இன்னும் கொஞ்சம் இழுத்தார். "பொண்ணு ராக்கெட்டுல சயன்டிஸ்ட்டாக்கும்" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார். கல்யாணக் கார்டில் அச்சும் ஆகிவிட்டது. அக்காவைக் கட்டிய குமாரதாஸ் அத்தான் நல்ல மனுஷன். சாகிற வரைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகன் கல்யாணத்துக்கும் அதே வார்த்தை கார்டில் வந்தது. அக்கா ஆமாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. ஊர் கொடுத்த பெயர்தானே என்று அவள் இருந்துவிட்டாள். எனக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. நான் அவளை சயன்டிஸ்ட் என்றே நம்பி இந்த வீட்டுக்கு வாழ வந்தவள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. போகவில்லை.

நான் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் அங்கே ஜிஷா என்றொரு பெண் வந்தாள். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர், சிறுபிள்ளைகளுக்கு எழுதுகிறவள். அறிவியலிலும் விண்வெளி வேலையிலும் பாடுபட்டு, பெயர் வெளியே வராமல் போன பெண்களைப் பற்றிப் படம்போட்ட புத்தகம் ஒன்று செய்துகொண்டிருந்தாள். 'வானத்துக்கு வழி சொன்ன அக்காமார்' என்று பெயர். "வெளிநாட்டுக்காரங்க நிறைய கிடைக்காங்க அக்கா. நம்ம ஊருல இருந்து ஒருத்தங்களாவது வேணும். நம்ம பிள்ளைகளுக்குக் காட்டணும்லா" என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எனக்க வீட்டுலயே ஒரு ஆளு உண்டே" என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வராந்தாவில் உட்கார்ந்து ஜிஷா கேட்டாள். "மேடம், நீங்க அங்க தினமும் என்ன வேலை செய்தீங்க? சின்ன வேலையா இருந்தாலும் சொல்லுங்க."

"கார்டு குத்துவோம்" என்றாள் அக்கா. "பிறகு அதைச் சரிபாப்போம்."

ஜிஷாவின் பேனா நின்றது. சாயா கொண்டுவந்த நான், "அக்கா, அதெல்லாம் பிள்ளையளுக்கு போரடிக்கும். ராக்கெட்டு கதை வல்லதும் சொல்லுங்க" என்று சிரித்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். ஜிஷாவைப் பார்த்தாள். டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கதையைச் சொன்னாள்.

கதை இதுதான். ஒரு சின்ன ராக்கெட்டைக் கடலைப் பார்க்க விடப்போகிற காலை. மேலே காற்று எப்படி அடிக்கிறது என்று பலூன் விட்டு அளந்திருக்கிறார்கள். அந்தக் காற்றுக்குத் தக்கபடி கணக்குப் போட்டு ராக்கெட்டைச் சாய்த்து வைக்க வேண்டும். கணக்குப் பார்க்கிற பிரிவில் இருந்த ஒரு இளம்பெண்ணுக்கு, இரண்டு அளவுகள் ஒத்துப்போகவில்லை என்று தெரிகிறது. பெரிய அதிகாரி அவசரப்படுகிறார். அவள் எழுந்து நின்று, "இந்தக் கணக்கை வச்சு விடக்கூடாது சார், இன்னொரு பலூன் விடுங்க" என்கிறாள். திட்டு வாங்குகிறாள். உட்காரவில்லை. மறுபடி அளக்கிறார்கள். அவள் சொன்னதுதான் சரி. பழைய கணக்கில் விட்டிருந்தால் மீன்பிடி வள்ளங்கள் நிற்கிற பக்கம் போய் விழுந்திருக்கும். அறிக்கையில் கையெழுத்து அதிகாரியுடையது. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

ஜிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான். "இத்தனை வருஷம் எங்கிட்டகூடச் சொல்லல்லியே" என்று அக்காவின் கையைப் பிடித்தேன். கை சில்லென்றிருந்தது. நான் அதைக் கிழவிக் கை என்று நினைத்தேன்.

புத்தகம் வந்தது. அக்காவின் பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி கையை உயர்த்தி நிற்கிறாள், பின்னால் ராக்கெட். 'நிறுத்துங்கள் என்றார் ராஜபாய்' என்று பெரிய எழுத்தில். முக்கில் ஃபிளக்ஸ் வைத்தோம். குறும்பாகச் சிரிக்கிற அக்கா, இரண்டு பக்கமும் இரண்டு ராக்கெட். பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கவென்று ஜிஷா கட்டுக்கட்டாகப் புத்தகம் கொண்டுவந்து வைத்தாள். "மேடம் கையெழுத்து இருந்தா பிள்ளைகளுக்குச் சந்தோஷம்." அக்கா எல்லாவற்றிலும் 'அன்புடன், ராஜபாய்' என்று எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டிக் கொடுத்தேன். மை காயட்டும் என்று விசிறிக்கொண்டும் இருந்தேன், என் அறிவுகெட்ட கையால்.

அதற்கப்புறம் அக்கா மாறினாள். முக்குக் கடைக்குப் போவதை நிறுத்தினாள். ஃபிளக்ஸைக் கழற்றச் சொல்லி சுதனை நச்சரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வழிபாடான உச்சிப்படிப்புக்கு எங்கள் தாங்கலுக்குத் தவறாமல் வருகிறவள், வாசல் வரைக்கும் வந்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். அய்யா வழிக்காரர்களான எங்களுக்குத் தாங்கலுக்குள்ளே சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடுகிறவர் தன் முகத்தைப் பார்த்துத்தான் கும்பிட வேண்டும். "முட்டு வேதனை, உள்ள இருக்க முடியல்ல" என்றாள். முட்டுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை. வராந்தாவில் பாய் விரித்து நல்லமிளகு காயப்போட்டுக் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தோம். முக்கில் பஸ் நின்று ஓர் அம்மா இறங்கினாள். வெள்ளையில் பூப்போட்ட சேலை, கழுத்தில் ஜெபமாலை, கையில் பை. இறங்கி நின்று சேலையை உதறிவிட்டு நடந்து வந்தாள். நடையைப் பார்த்த மாத்திரத்தில் அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"சபி, நான் இல்லன்னு சொல்லு."

"யாருக்கா அது?"

"இல்லன்னு சொல்லுட்டீ!" எழுந்து உள்ளே ஓடினாள். முட்டு வேதனைக்காரிக்கு அப்படியொரு ஓட்டம். குளிமுறிக் கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

வந்த அம்மா படியேறி நின்று மூச்சு வாங்கினாள். "நான் இசபெல். இனயத்துல இருந்து வாறேன். ராஜபாய் இருக்காளா மோளே?"

"அக்கா தாங்கலுக்குப் போயிருக்காவ" என்றேன். அக்காவின் செருப்பு படியில் கிடந்தது. அக்காவின் கண்ணாடி நல்லமிளகுப் பாயில் கிடந்தது. அந்த அம்மா இரண்டையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

"சரி. பைய வரட்டும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள். எங்கள் புத்தகம்தான். "கொஞ்சம் வெள்ளம் தா மக்கா."

தண்ணீர் குடித்துவிட்டு அவள் பேசினாள். என்னோடுதான் பேசினாள், ஆனால் குரல் உள்வீடு வரைக்கும் போகிற மாதிரி இருந்தது.

"நான் சண்டைக்கு வரல்ல. நானும் ராஜபாயும் ஒண்ணாட்டு வேலை பாத்தோம். அவ கார்டு ரூமுல, நான் மேல கணக்குப் பாக்குற இடத்துல. இந்தப் புத்தகத்துல கிடக்குதே கதை, அது எனக்குள்ளது மக்கா. அன்னைக்கு எழும்பி நின்னது நான். ஏச்சு வாங்கினதும் நான்."

நான் அவள் மடியில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தேன்.

"மத்தியானம் சாப்பிடும்போ ராஜபாய்கிட்டதான் சொல்லி அழுதேன். அவ எனக்க கண்ணத் தொடச்சுவிட்டா. அதனால அவளுக்கு அந்தக் கதை நல்லாத் தெரியும். நான் கல்யாணம் கழிஞ்சு ஒரு பிள்ளை ஆனதும் வேலைய விட்டேன். எங்க ஊருல எனக்கு டைப்பிஸ்ட்டுன்னுதான் பேரு. ஆபீசுக்குப் போற பொம்பளை வேற என்னத்துக்குப் போவான்னு. நான் கணக்குல எம்.எஸ்சி. யாருகிட்டப் போய்ச் சொல்ல? எனக்க மாப்பிளைக்கிட்ட சொன்னாலே சிரிப்பாரு."

இங்கே ஒரு கார்டு குத்துகிறவளை ஊர் சயன்டிஸ்ட் ஆக்கியது. அங்கே ஒரு கணக்குக்காரியை ஊர் டைப்பிஸ்ட் ஆக்கியது. இரண்டு ஊருக்கும் நடுவே முழுசாக ஒரு மணி நேர பஸ் தூரம்கூட இல்லை. நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்கு வரவில்லை.

"எனக்க மோள் ஜின்சி மட்டும் நம்புனா" என்றாள் இசபெல் அம்மா. "சின்னப் பிள்ளையில அவ சோறு திங்க மாட்டா. இந்தக் கதையச் சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு உருண்டையும் உள்ள தள்ளுவேன். அம்மை ராக்கெட்ட நிறுத்தினேன்னு. இப்ப அவ எங்க ஊரு பள்ளிக்கூடத்துல நாலாம் கிளாஸ் டீச்சர். வருஷா வருஷம் பிள்ளையளுக்கு இதைச் சொல்லுவா. எனக்க அம்மையாக்கும்னு சொல்லுவா. இந்த வருஷம் புத்தகம் வந்துது. 'டீச்சர், இதுல வேற பேரு கிடக்கே, உங்க அம்மை இவங்க கதையையா எடுத்துச் சொன்னாங்க'ன்னு பிள்ளையள் கேட்டிருக்கு. மத்த டீச்சர்மாரு சிரிச்சிருக்காவ. அவ வீட்டுக்கு வந்து எனக்க முகத்தப் பாத்தா. ஒண்ணும் கேக்கல்ல. கேட்டிருந்தா நான் பதிலு சொல்லியிருப்பேன். கேக்கல்லியே."

பாயில் கோழி ஏறி நல்லமிளகைக் கிளறியது. நான் விரட்டவில்லை.

"புத்தகத்துல பேரு மாத்த வேண்டாம். எனக்கு அந்த ஆசை எல்லாம் போச்சு. ராஜபாய் வந்து ஜின்சிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போரும். எனக்க அம்மை கள்ளம் சொல்லல்லன்னு அவ மனசுக்குத் தெரியணும். அவ்வளவுதான்." எழுந்து, பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "பாறை மீனு. காலையில வந்தது. அவளுக்கு இஷ்டம். அந்தக் காலத்துல நான் கொண்டுபோற மீன்கறியில பாதியும் அவதான் தின்பா."

படியிறங்கினவள் நின்று, வீட்டைப் பார்த்துச் சொன்னாள். "அவ சரிபாத்துத் தந்த கார்டுக் கட்டை நான் ஒருநாளும் மறுபடி பிரிச்சுப் பாத்ததில்ல. பாத்துக்க."

பஸ் போன பிறகும் குளிமுறிக் கதவு திறக்கவில்லை. நான் போய்த் தட்டினேன். தட்டினேன் என்றால் மரியாதைக்குச் சொல்கிறேன், இடித்தேன். "வெளிய வாருங்க. கேட்டியளா எல்லாம்? வாருங்க வெளிய!"

கதவு திறந்தது. அக்கா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்திருந்தாள்.

எனக்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். இரவல் சேலையில் கொய்சகம் வைத்துக்கொண்டு ஃபிளக்ஸில் சிரித்தீர்களே என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்களே, நானும் அதற்கு அகப்பை பிடித்தேனே என்றேன்.

"கார்டு குத்தினேன்னு சொன்னதும் அந்தப் பிள்ளைக்க பேனா நின்னு போச்சு சபி" என்றாள் கடைசியில். "நீயும் போரடிக்கும்னு சொன்ன. இத்தனை வருஷம் சயன்டிஸ்ட்டு, சயன்டிஸ்ட்டுன்னு விளிச்ச வாயெல்லாம் நாளைக்கு என்ன பறையும்னு தோணிச்சு. அவ கதை நாக்குல வந்து நின்னுது. அவ எங்க கிடக்காளோ, உயிரோட இருக்காளோன்னு நினைச்சேன். செத்திருந்தா நல்லதுன்னுகூட ஒரு நிமிஷம் நினைச்சேன் சபி. எனக்க சாப்பாட்டுல மீன் போட்டவ." அவள் தன் கன்னத்தில் தானே ஓங்கி ஒன்று வைத்தாள். நான் கையைப் பிடித்தேன். "நாணக்கேடு, நாணக்கேடு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கார்டு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் நான் கேட்டேன். கூட வாழ்கிற எனக்கு அதுவரைக்கும் கேட்கத் தோன்றவில்லை. தபால் கவரளவு நீளமான அட்டையாம். கணக்குக்காரர்கள் எழுதிக் கொடுக்கிற எண்களை ஒருத்தி அதில் ஓட்டை ஓட்டையாகக் குத்துவாள். அதே தாளை வைத்துக்கொண்டு, குத்திய அட்டையின் மேல் இன்னொருத்தி முதலிலிருந்து எல்லாவற்றையும் அடிப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழும். ஒத்துப்போகாவிட்டால் விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடும். அந்த இரண்டாமவள்தான் அக்கா. இன்னொருத்தியின் தப்பைப் பிடிக்கிற வேலை. "எனக்கு ரொம்ப இஷ்டமான வேலை" என்றாள். சொல்லும்போதே தலை தாழ்ந்துவிட்டது.

மீனை அவளே வெட்டிக் கழுவிக் குழம்பு வைத்தாள். எங்களுக்குப் பரிமாறினாள். தன் தட்டில் போடவில்லை.

மறுநாள் ஜிஷாவுக்கு போன் போட்டு அக்காவே சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள், நான் சாட்சியாக இருக்க வேண்டும் என்று. ஜிஷா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அடுத்த பதிப்புல மாத்திரலாம் மேடம். அவங்களை நான் போய்ப் பாக்கேன்" என்றாள். பிறகு, "ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் பேனாவை நிறுத்தினது, அந்தக் கார்டைப் பத்தி இன்னும் கேக்கணும்னுதான். அந்த ரூமுல இருந்த ஒருத்தங்களை நான் ரொம்ப நாளாத் தேடிட்டு இருந்தேன்" என்றாள். அக்கா போனை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இசபெல் அம்மா தந்துவிட்டுப் போன நம்பரில் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறி இனயம் போனோம். வழியெல்லாம் அக்கா கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜின்சியைத் தனியாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது என்றுதான் பேச்சு. ஆனால் ராஜபாய் வருகிறாள் என்று மட்டும்தான் இசபெல் அம்மா மகளிடம் சொல்லியிருக்கிறாள், காரணம் சொல்லவில்லை. ஜின்சி ஒழுங்கான டீச்சர். விருந்தாளி வந்தால் செய்ய வேண்டியதைச் செய்திருந்தாள். கரும்பலகையில் கலர் சாக்பீஸில் 'விஞ்ஞானி ராஜபாய் அவர்களை வரவேற்கிறோம்'. அட்டையில் ராக்கெட் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டின. ஒரு சிறுமி ரோஜாப்பூ கொடுத்தாள். அக்கா, தேள் கொட்டிய திருடன் மாதிரி, அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜின்சி சிரித்து "வாங்க மேடம்" என்றாள். அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. கடைசி பெஞ்சில், பிள்ளைகளின் பைகளுக்கு நடுவே, இசபெல் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

தனியாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நான் அக்காவின் காதில் கிசுகிசுத்தேன். அவள் கேட்கவில்லை. பூவை மேசையில் வைத்தாள்.

"மக்களே, இந்தக் கதையில உள்ளது நான் இல்ல" என்றாள். "உங்க டீச்சருக்க அம்மை இசபெல். அந்தா கடைசியில இருக்காங்கல்லா, அவங்க. டீச்சர் உங்ககிட்ட சொன்னதுதான் உண்மை."

பிள்ளைகள் பின்னால் திரும்பிப் பார்த்தன. முன்னால் திரும்பிப் பார்த்தன. மூக்கு ஒழுகிய ஒரு பையன் கேட்டான்: "பின்ன ஏன் உங்க பேரு வந்துது?"

"நான் சொன்னதுனால."

"பொய்யா சொன்னீங்க?"

"ஆமா மக்கா. பொய் சொன்னேன்."

பெரியவர்கள் சபையாக இருந்தால் யாராவது இருமியிருப்பார்கள், பேச்சை மாற்றியிருப்பார்கள். நாலாம் வகுப்புக்கு அந்த நாகரிகம் ஒன்றும் தெரியாது. பூக்கொடுத்த சிறுமியே தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். முதல் பக்கத்தைத் திறந்து காட்டினாள். 'அன்புடன், ராஜபாய்.'

"இதை அடிச்சுட்டு அவங்க பேரை எழுதித் தாருங்க" என்றாள்.

அக்கா மேசையில் இருந்த பேனாவை எடுத்தாள். தன் பெயரின் மேல் கோடு போட்டாள். கீழே 'இசபெல், இனயம்' என்று எழுதினாள். அதற்குள் அவள் பின்னால் ஒரு வரிசை நின்றுவிட்டது. கையெழுத்து வாங்க நின்ற மாதிரியே ஒழுங்கான வரிசை. ஒவ்வொருவராக வந்து புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் அவள் தன் பெயரை அடித்தாள். அன்றைக்குப் பக்கம் புரட்டிக் கொடுத்தவள் நான்தானே, இன்றைக்கும் பக்கத்தில் நின்றேன். சில பிள்ளைகள் அடித்தது போதவில்லை என்று, "நல்லா அடியுங்க, தெரியுது" என்றன. அவள் நன்றாக அடித்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியபோது புத்தகத்தில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போரும் ஏட்டி, ராஜபாய்" என்றாள் இசபெல் அம்மா கடைசி பெஞ்சிலிருந்து. அக்கா நிறுத்தவில்லை.

கரும்பலகையைத் துடைக்கவென்று டஸ்டரை எடுத்த ஜின்சி, துடைக்காமல் அப்படியே நின்றாள். பிறகு வரிசையைத் தாண்டிப் பின்னால் போனாள். அந்தச் சின்ன பெஞ்சில், பைகளைத் தள்ளிவிட்டு, அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்தாள். "அம்மை, மன்னிச்சிரு" என்று சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. இசபெல் அம்மா மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அக்கா குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் இசபெல் அம்மா கூட வந்தாள். வெயில், கடற்காற்று, மீன் நாற்றம். "அந்த ஜிஷாப் பிள்ளைகிட்ட சொல்லுதேன், கார்டு ரூமையும் எழுதட்டு. உனக்க பேரு போட்டு எழுதட்டு" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் அக்கா.

"ஏன்டீ?"

"எனக்குப் பேரு போரும் இசபெல். கிடைக்க வேண்டியதுக்கு மேல வாங்கியாச்சு."

இசபெல் அம்மா அவள் முதுகில் கையை வைத்தாள். அக்கா அந்தக் கையைத் தாங்க மாட்டாதவள்போலக் கூனிக்கொண்டாள். பஸ் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால்கூட அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஊரிலும் சொன்னாள். முக்குக் கடையில் நின்று, தாங்கலில் எல்லோரும் கூடியிருக்கும்போது வெளியே வேப்பமரத்தடியில் நின்று சொன்னாள். "நான் சயன்டிஸ்ட்டு இல்ல, கார்டு சரிபாத்தவ. புத்தகத்துல உள்ளது வேற ஆளு." ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஊர்க் காதைத் திறக்கவும் ஒன்றும் கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. "கேட்டியா, எவ்வளவு அடக்கம்!" என்றார்கள். "அதுதான் சயன்டிஸ்ட்டு. படிச்சவளுக்க குணம் அது." கடைக்காரர் சாயாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நான் போய் அதே கடையில் சண்டை போட்டேன். நாத்தனார்மேல் எனக்குப் பொறாமை என்றார்கள்.

கண்டக்டரும் பழையபடிதான். ரப்பர் தோட்டம் முடிந்து ரோடு வளைகிற இடத்தில் மணி அடித்து, "சயன்டிஸ்ட் வீட்டு முக்கு!" என்கிறார். அக்கா பஸ்ஸில் இருந்தால் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்கிறார், மரியாதைக்காக. அதனால் அவள் இப்போதெல்லாம் ஒரு ஸ்டாப் முந்தியே இறங்கிவிடுகிறாள். முட்டு வேதனை நிஜமாகவே இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு, ரப்பர் தோட்டத்தின் ஓரமாக, வேகாத வெயிலில் நடந்து வருகிறாள்.